ஓர் அறையைக் கட்டிப்பார்

இரவு பத்தரை மணி இருக்கும். புதிதாக வந்த ஒரு தம்பி சாட்டில் கேட்டான். "அண்ணா, உள்ள வந்துட்டேன். கறுப்புத் திரைல பேர் கேக்குது. என் சொந்தப் பேரையே குடுக்கணுமா?" வேண்டாம், அங்கே யாராக இருக்க ஆசையோ அந்தப் பேரைக் கொடு என்றேன். அதற்கப்புறம் பத்து நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. கிளம்பிவிட்டான் என்றுதான் நினைத்தேன். பிறகு விளையாட்டுக்குள் ஒரு வரி ஓடியது, புது ஆள் ஒருவர் உள்ளே வந்திருக்கிறார் என்று. அந்தப் பத்து நிமிடமும் அவன் பெயர் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

எழுத்தாலேயே ஆன இந்த விளையாட்டுகள் மேல் எனக்கு இத்தனை வருடமாகப் பிடிப்பு விடாமல் இருப்பதற்கு இப்படிப்பட்ட பத்து நிமிடங்கள்தான் காரணம். படம் கிடையாது, இசை கிடையாது. ஒரே ஒரு வரி பெயர் கேட்கிறது, அதற்குள் மனம் வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

மட் என்று சொல்வோம். மல்டி யூசர் டஞ்சன் என்பதன் சுருக்கம். பலர் ஒரே நேரத்தில் ஒரே உலகத்துக்குள் இருப்பார்கள், அந்த உலகம் முழுக்க எழுத்து. வடக்கே போக 'நார்த்' என்று தட்ட வேண்டும், அதன் முதல் எழுத்து மட்டுமே கூடப் போதும். 'லுக்' என்றால் நாம் நிற்கும் இடத்தின் வருணனை வரும். அப்படி ஒவ்வொரு இடத்தையும் அறை என்போம், அது வெளியிடமாக இருந்தாலும். 'சே' போட்டுப் பேசினால் அதே அறையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். விளையாடக் கற்றுக்கொடுப்பது அரை மணி நேர வேலை, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. விளையாட வந்தவர் அந்த உலகத்தில் ஓர் அறை கட்டுபவராக, ஒரு பிழையைத் திருத்துபவராக, கடைசியில் தானே ஒரு சர்வரை ஓட்டுபவராக ஆவது எப்படி, நாம் அதற்கு எப்படி உதவுவது என்பதுதான் நான் எழுத வந்தது. இதில் நிறையப் பேரை இழந்திருக்கிறேன். சிலர் நிலைத்திருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தால், திறமையைவிட வேறு ஒன்றுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: அவர்கள் செய்து கொடுத்த முதல் வேலை, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சீக்கிரமாக, முடிந்தால் அன்றைக்கே, ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்குள் போய் நின்றதா இல்லையா என்பது.

இது எனக்கே நடந்ததால் தெரியும். பல வருடங்களுக்கு முன்பு ஒரு மட்டில் விளையாடிக்கொண்டிருந்தேன், பெயர் வேண்டாம். பில்டர்கள், அதாவது அறைகளை எழுதித் தருகிறவர்கள், தேவை என்று அறிவிப்புப் போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து நாற்பது அறைகள் எழுதினேன், ஒரு காய்ந்துபோன ஏரியும் அதன் கரையில் ஒரு கைவிடப்பட்ட ஊரும். அனுப்பினேன். ஒரு வாரம் காத்திருந்தேன், ஒரு மாதம் காத்திருந்தேன். ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டபோது "பார்க்கிறோம்" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால்கூட நான் திருத்தியிருப்பேன். அந்த ஏரி இன்னும் என் பழைய கோப்புகளில் கிடக்கிறது, ஒருவர்கூட அதன் கரையில் நடந்ததில்லை.

இந்த விளையாட்டுகளின் சரித்திரமே ஒருவர் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போனதுதான். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ஒரு பிடிபி-10 கணினியில் முதல் மட்டை எழுத ஆரம்பித்தார். 1980-இல் அவர் கிளம்பும்போது, கூடவே இருந்த ரிச்சர்ட் பார்ட்டில் அதை வாங்கிக்கொண்டு வளர்த்தார். அப்படிக் கைமாறாமல் இருந்திருந்தால் அது ஒரு மாணவரின் பாதியில் நின்ற வேலையாகவே முடிந்திருக்கலாம். 1989-இல் ஸ்வீடனில் லார்ஸ் பென்ஷோ எல்பிமட் என்ற மட்டை எழுதியபோது இன்னும் ஒரு படி மேலே போனார். நல்ல உலகம் ஒன்றைத் தன்னால் தனியாக வடிவமைக்க முடியும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை, அதனால் விளையாடுகிறவர்களே உள்ளேயிருந்து உலகத்தை எழுதட்டும் என்று விட்டுவிட்டார். எத்தனையோ எல்பிமட்களில் இருபதாவது நிலையைத் தொட்டு, கொடுத்த தேடல்களையும் முடித்துவிட்டால் நீங்கள் விசார்ட். உங்கள் பெயரில் ஒரு டைரக்டரி கிடைக்கும், அதில் எல்பிசி மொழியில் நீங்கள் எழுதியதை சர்வரை நிறுத்தாமலே ஏற்றிப் பார்க்கலாம். எழுதி முடித்த கையோடு அதற்குள் நடந்து போகலாம்! புது ஆளைப் பிடித்து வைக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அதே காலகட்டத்தில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினித் துறையைச் சேர்ந்த ஐந்து பேர் டிக்குமட்டை எழுதினார்கள், 1991-இல் அது வெளியே பரவியது. எல்பிமட்டுக்கு நேர் எதிரான குணம். உலகம், ஆயுதம், மந்திரம், சண்டை எல்லாம் தயாராக இருக்கும், கம்பைல் பண்ணி ஓட்டினால் அன்றைக்கே விளையாட்டு. அதிலிருந்து 1993-இல் ஜெரமி எல்சனின் சர்க்கிள்மட் வந்தது. அதை அவர் வேண்டுமென்றே சுத்தமாக, அலங்காரம் குறைவாக, மற்றவர்கள் மேலே கட்டிக்கொள்வதற்கு வசதியாக வைத்தார். நான் சி என்ற நிரல்மொழியைக் கொஞ்சமாவது படித்தது அந்த நிரலில்தான். என் தலைமுறையில் பலர் அப்படித்தான்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன்.

டிக்குமட்டிலிருந்து வந்த பழைய மட்களில் மூன்று கட்டளைகள் உண்டு: பக், ஐடியா, டைப்போ. அறை வருணனையில் ஓர் எழுத்துப்பிழையைப் பார்த்தால், நின்ற இடத்திலேயே டைப்போ என்று தட்டி விஷயத்தை எழுதலாம். எந்த அறை, யார் எழுதினார் என்ற விவரத்தோடு அது சர்வரில் ஒரு கோப்பில் போய்ச் சேரும். பல இடங்களில் அந்தக் கோப்பை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும், ஏனென்றால் நாளைய பில்டர்களின் பட்டியல் அதில்தான் இருக்கிறது. எழுத்துப்பிழையைப் பார்த்து, விளையாட்டை நிறுத்தி, அதை எழுதி அனுப்புகிறவர் வருணனைகளை உண்மையிலேயே படிக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலோர் படிப்பதில்லை, ஓடிக்கொண்டே இருப்பார்கள். பார்ட்டில் 1996-இல் எழுதிய ஒரு கட்டுரையில் மட் விளையாடுகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வந்தவர்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள், பேசிப் பழக வந்தவர்கள், மற்றவர்களை அடிக்க வந்தவர்கள். என் அனுபவத்தில் அறை கட்ட வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த இரண்டாவது வகை. அவர்கள் மூலை முடுக்கெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு "இங்கே ஒரு கதவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறது, ஆனால் திறக்க மாட்டேன் என்கிறதே" என்று கேட்பார்கள்.

அப்படித்தான் ஓர் அக்கா வந்தார். கோடிங் என்றால் என்னவென்று தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஒரே வாரத்தில் பதினேழு டைப்போ அனுப்பினார். ஒவ்வொன்றையும் அன்றைக்கே திருத்தி, திருத்தியாகிவிட்டது, போய்ப் பாருங்கள் என்று அவருக்கு ஒரு வரி எழுதுவேன். உடனே அந்த அறைக்குப் போய் லுக் அடித்துப் பார்ப்பார். பதினெட்டாவது டைப்போ வேறு மாதிரி இருந்தது. "தம்பி, இந்தக் கிணத்தடி வருணனைல பிழை ஒண்ணும் இல்ல. ஆனா இது கிணத்தடி மாதிரியே இல்லையே. நான் வேணா எழுதித் தரட்டுமா?"

எழுதித் தாருங்கள் என்றேன். அவர் எழுதியதை இங்கே கொஞ்சம் நெருக்கமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மட்டுக்கு எழுதுவது கதை எழுதுவது போல இருந்தாலும் அதற்கென்று தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. முதல் வரைவு இப்படி இருந்தது: "நீங்கள் மெதுவாக நடந்து கிணற்றருகே வருகிறீர்கள். உங்கள் இடப்பக்கம் ஒரு பழைய கல்தொட்டி. காலை வெயிலில் தண்ணீர் மின்னுகிறது. உள்ளே எட்டிப் பார்க்கும்போது உங்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். ஒருவர் ஓடி வந்தால்? ராத்திரியில் வந்தால்? தெற்கேயிருந்து வந்தவருக்கு இடப்பக்கம் என்றால், வடக்கேயிருந்து வந்தவருக்கு எந்தப் பக்கம்? அந்த வருணனை ஒருவர் ஒருமுறை படிக்கிற பக்கம் கிடையாது. நூறு பேர், எல்லா நேரத்திலும், எல்லா வாசல் வழியாகவும் வந்து படிக்கப்போவது. அடிபட்டு உயிர் தப்பி ஓடுகிறவரும் அதைப் பார்ப்பார், பத்தாவது முறையாகக் கடந்து போகிறவரும் பார்ப்பார். அவர் என்ன செய்கிறார், என்ன உணர்கிறார் என்று நாம் சொல்லக்கூடாது. இடம் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டு நாள் கழித்து அவர் அனுப்பியது: "கயிறு உரசி உரசிக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. கிழக்குச் சுவரோரம் உள்ள கல்தொட்டியில் பாசி படர்ந்து காய்ந்துவிட்டது. உள்ளே எங்கோ கீழே தண்ணீர் சொட்டும் சத்தம், விட்டு விட்டு." இதில் நேரம் இல்லை, திசை நிலையாக இருக்கிறது, யாரையும் சிலிர்க்கச் சொல்லவில்லை. எனக்குத்தான் சிலிர்த்தது.

அதன் பிறகு அடுத்த பாடம். கயிறு, சுவர், பள்ளம், தொட்டி, பாசி என்று எழுதிவிட்டோம். ஒருவர் 'லுக்' போட்டுத் தொட்டியைப் பார்த்தால் அதற்கும் ஒரு பதில் இருக்க வேண்டும். அப்படி ஒன்றும் அங்கே இல்லை என்று வந்தால், எழுதிய உலகம் அந்த இடத்தில் கிழிந்துவிடும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு சின்னக் கூடுதல் வருணனை. பிடிவாதமான வேலைதான். அக்கா பாசிக்கு மட்டும் நான்கு வரி எழுதினார்.

மறுநாள் காலையிலேயே கிணற்றடியை ஏற்றிவிட்டேன். அது நல்ல எழுத்து என்பதால் மட்டும் இல்லை, சுமாராக இருந்திருந்தாலும் ஏற்றியிருப்பேன், பிறகு அங்கேயே வைத்துத் திருத்திக்கொள்ளலாம். ஒரு அறை சுமாராக இருந்தால் எந்த மட்டும் மூழ்கிவிடாது.

அறையைக் கோப்பில் எழுதுவது எப்படி என்பதையும் காட்டிவிடுகிறேன். இப்போதெல்லாம் பெரும்பாலான மட்களில் விளையாட்டுக்குள்ளேயே அறை கட்டும் வசதி இருக்கிறது, ஆனாலும் பழைய கோப்பு ஒன்றையாவது புது ஆளிடம் திறந்து காட்டிவிடுவேன். சர்க்கிள்மட்டில் ஓர் அறை # என்ற குறியோடு ஓர் எண்ணில் ஆரம்பிக்கும், உதாரணத்துக்கு #3001, அதுதான் கூடவே வரும் உலகத்தில் கோயில் அறை. அடுத்த வரி அறையின் பெயர், முடிவில் ~ குறி. பிறகு வருணனை, அது முடிந்ததும் தனி வரியில் ஒரு ~ குறி. அப்புறம் சில எண்கள், அறையின் தன்மையைச் சொல்பவை. பிறகு வாசல்கள்: டி என்ற ஆங்கில எழுத்தை அடுத்து 0 என்றால் வடக்கு, 1 கிழக்கு, 2 தெற்கு, 3 மேற்கு, 4 மேலே, 5 கீழே. கடைசியில் எஸ் என்ற ஒற்றை எழுத்து. இவ்வளவுதான் ஓர் அறை.

இதில் அந்த ~ குறிதான் எல்லாரையும் ஒருமுறையாவது அழ வைக்கும். அதை விட்டுவிட்டால் வருணனை எங்கே முடிகிறது என்று சர்வருக்குத் தெரியாது. அடுத்து எங்கே அந்தக் குறி கிடைக்கிறதோ அதுவரை எல்லாவற்றையும் வருணனை என்றே விழுங்கிக்கொண்டு போகும். பிறகு எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தைப் பார்த்துத் திகைத்து, கோப்பில் தவறு என்று ஒரு வரி எழுதிவிட்டு ஏறாமலே நின்றுவிடும். அது சொல்லும் இடத்தில் தேடினால் ஒன்றும் இருக்காது. பிழை அதற்கு மேலே எங்கோ இருக்கும். இந்த ஒரு அனுபவம், அதாவது கணினி கத்துகிற இடமும் தவறு நடந்த இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்பது, எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் ஆழமாகப் பதியும். ஆனால் அதை அவரேதான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன்.

முதலில் சொன்னேனே, பெயர் யோசித்த தம்பி, அவனுக்கு முன்னால் இன்னொருவன் இருந்தான். கெட்டிக்காரன், கல்லூரி முதல் வருடம். திரையைப் பகிர்ந்துகொண்டு இருவரும் அவனுடைய முதல் பகுதியை ஏற்றிக்கொண்டிருந்தோம். சர்வர் ஏறவில்லை. அவன் தேடிக்கொண்டே இருந்தான். எனக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, பதினோராவது வரியில் ~ இல்லை. ஐந்து நிமிடம் பொறுத்தேன். அப்புறம், "இரு, நான் பாக்கறேன்" என்று சொல்லி அவன் கோப்பை வாங்கி, குறியைப் போட்டு, போகிற போக்கில் மற்ற வருணனைகளையும் சீர் செய்து, சர்வரையும் ஏற்றிக் காட்டினேன். எல்லாம் ஓடியது. "சூப்பர்ணா, தேங்க்ஸ்ணா" என்றான். அதற்கப்புறம் இரண்டு முறை வந்தான், பிறகு வரவே இல்லை. அவன் அறைகளில் அவன் எழுத்து பாதிதான் மிஞ்சியிருந்தது, அவன் எதற்கு வர வேண்டும்?

அதிலிருந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகினேன். இது கேட்பதற்கு எளிது, செய்வது கஷ்டம். எதிரே ஒருவர் தவித்துக்கொண்டிருக்கிறார், விடை நம் நாக்கு நுனியில் இருக்கிறது. அப்போது விடையைச் சொல்லாமல் அடுத்த அடியை மட்டும் சொல்ல வேண்டும். "சர்வர் எந்த அறை எண்ணைச் சொல்லுது? சரி, அதுக்கு முந்தின அறை நல்லா இருக்கா? பாதிக் கோப்பை எடுத்துட்டு ஏத்திப் பாரு, ஏறுதா?" பாதியாக வெட்டி வெட்டித் தேடும் அந்த வழியை ஒருமுறை கற்றவர் அதை வாழ்க்கை முழுக்க வைத்துக்கொள்வார். பெயர் யோசித்த தம்பிக்கு அந்தக் குறியைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நான் தண்ணீர் குடித்தேன், எழுந்து நடந்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன். கடைசியில் அவன் அடித்த செய்தியில் பத்துப் பன்னிரண்டு ஆச்சரியக்குறிகள் இருந்தன, வேறு ஒன்றும் இல்லை.

இனி சர்வர் ஓட்டுவது. இதற்குப் புது ஆட்கள் ரொம்பவே பயப்படுகிறார்கள். "எதையாவது தொட்டா கெட்டுப்போயிடுமா அண்ணா?" என்பதுதான் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி. கெட்டுப்போகிற மாதிரி ஓர் இடத்தை அவருக்கே கொடுத்துவிட்டால் அந்தப் பயம் போய்விடும். அதனால் ஓடுகிற விளையாட்டின் பக்கம் போகும் முன்பு, அவர் கணினியிலேயே அவருக்கென்று ஒரு மட்டை ஓட விடுவேன். பைத்தான் மொழி கொஞ்சம் தெரிந்தவர் என்றால், மட் கட்டுவதற்கான எவென்னியா என்ற மென்பொருள். 2006-இல் கிரெக் டெய்லர் ஆரம்பித்தது, 2010-இல் கிரியாட்ச் என்ற பெயரில் அறியப்படுகிறவர் வாங்கி இன்றுவரை வளர்க்கிறார். மறுபடியும் கைமாற்றுதான். நிறுவிய பிறகு மூன்று கட்டளைகள், ஒன்று புது விளையாட்டுக்கான கோப்புறையை உருவாக்க, ஒன்று தரவுத்தளத்தைத் தயார் செய்ய, ஒன்று ஓட்ட. போர்ட் 4000-இல் மட் கிளையண்ட், அதாவது மட்டுக்குள் நுழைவதற்கென்றே உள்ள நிரல், வழியாகவும், 4001-இல் பிரவுசர் வழியாகவும் நுழையலாம். உள்ளே போய் 'டிக்' என்று தட்டி ஒரு பெயரைக் கொடுத்தால் அறை பிறந்துவிடும். கிளையண்டுக்கு மட்லெட் நல்லது, இலவசம், திறந்த மூலம். டெர்மினலிலேயே இருக்க விரும்புகிறவருக்கு டின்டின்.

எவென்னியாவில் புது ஆட்கள் எல்லாரும் விழும் ஒரு குழி இருக்கிறது. முதலில் உருவாக்கும் கணக்கு சூப்பர்யூசர். அதற்கு எந்தப் பூட்டும் பொருந்தாது. ஒரு கதவைப் பூட்டிவிட்டுச் சோதித்துப் பார்ப்பார்கள், கதவு திறந்துகொள்ளும், பூட்டு வேலை செய்யவில்லை என்று இரண்டு மணி நேரம் நிரலைப் புரட்டுவார்கள். 'க்வெல்' என்ற கட்டளையைப் போட்டால் அந்த அதிகாரம் தற்காலிகமாக விலகும், பிறகு பூட்டு ஒழுங்காக மறிக்கும். இதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ~ குறியைத் தேடுவதில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது, இதில் அலைச்சல் மட்டும்தான்.

தமிழில் உலகம் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய சி நிரல்கள் ஆங்கில எழுத்தை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. சர்க்கிள்மட்டில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அது ஆஸ்கியா, அதாவது ஆங்கிலத்துக்கான பழைய குறியீட்டில் உள்ளதா, என்று பார்க்கும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறிகள், அந்தக் குறிகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட். எண்பது எழுத்தில் வரியை மடிக்கும் பழைய நிரல் பைட்டை எண்ணுவதால் எழுத்தின் நடுவிலேயே வெட்டும், கொம்பு ஒரு வரியில் மெய் ஒரு வரியில் என்று சிதறும். இதைச் சரி செய்ய முடியும், நல்ல பயிற்சியும்கூட. ஆனால் புது ஆளின் முதல் வேலையாக இதைக் கொடுக்காதீர்கள். தமிழில் ஆரம்பிக்க எவென்னியா போல யூடிஎஃப்-8 தெரிந்த ஒன்றை எடுங்கள்.

பொதுச் சர்வருக்குப் போகும்போது சொல்ல வேண்டியவை சில உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரூட் கணக்கில், அதாவது கணினியின் முழு அதிகாரமும் உள்ள கணக்கில், ஓட்டக்கூடாது. 1024-க்கு மேற்பட்ட போர்ட்டுக்கு ரூட் தேவையும் இல்லை. மட்டுகளுக்குள் நுழையும் பழைய இணைப்பு முறையான டெல்நெட்டில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே போகும், அதனால் மின்னஞ்சல் கடவுச்சொல்லை யாரும் அங்கே போடக்கூடாது என்று வரவேற்புத் திரையிலேயே எழுதிவிடலாம். தினமும் பேக்கப், அது வேறொரு கணினிக்குப் போக வேண்டும், மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும். பார்க்காத பேக்கப்பை நம்பி ஆட்டக்காரர்களின் பல மாத உழைப்பை ஒருமுறை இழந்தோம், அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. டிக்கு வழி நிரல் என்றால் அதன் பழைய உரிமத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அதை வைத்து லாபம் பார்க்கக்கூடாது, நுழையும்போது எழுதியவர்களின் பெயர் தெரிய வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று புது ஆட்கள் முதலில் கை வைப்பது அந்த நுழைவுத் திரையில்தான், தெரியாமலே அந்த ஐந்து பேரின் பெயரை அழித்துவிடுவார்கள்.

அந்த நுழைவுத் திரை பற்றி இன்னொன்று. கோடுகளும் நட்சத்திரங்களும் வைத்துக் கோட்டை வரைவது எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் மட் விளையாடுகிறவர்களில் பார்வையற்றவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். முழுக்க எழுத்தாக இருப்பதால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சமமாக ஓடக்கூடிய ஆன்லைன் விளையாட்டு இது. எங்கள் கோட்டையை ஒரு நண்பர் தன் ஸ்கிரீன் ரீடரில் ஓட்டிக் காட்டினார். அந்தக் குறிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனது, பெயர் கேட்கும் வரிக்கு வர ரொம்ப நேரம் ஆயிற்று. அன்றைக்கே எடுத்துவிட்டோம். நிறத்தை வைத்து மட்டும் சேதி சொல்லாதே, வரைபடம் காட்டினால் அதை அணைக்கவும் வழி வை, இவை எங்கள் பில்டர் வழிகாட்டியில் அவர் எழுதிச் சேர்த்த வரிகள். அவருடைய முதல் பங்களிப்பு அதுதான்.

அதிகாரம் கொடுப்பதுதான் எனக்கு மிகவும் தயக்கமான இடம். அறை கட்டத் தெரிந்தவருக்கு அடுத்த படியாக ஆட்களை நிர்வகிக்கும் கட்டளைகள் வரும். அதில் 'ஸ்னூப்' என்று ஒன்று, இன்னொருவர் திரையில் ஓடுவதெல்லாம் நமக்கும் தெரியும். தனிப்பேச்சும்தான். கோட் எழுதுவது வேறு, மனிதர்களுக்கு நடுவே நிற்பது வேறு. ஒருவர் முன்னதில் கெட்டிக்காரர் என்பதற்காகப் பின்னதைத் தூக்கிக் கொடுத்துவிடக்கூடாது. லாம்டாமூ என்ற புகழ்பெற்ற உலகத்தில் 1992 கடைசியில் அதன் நிர்வாகிகளான விசார்ட்கள், இனி நாங்கள் தொழில்நுட்பத்தை மட்டும் பார்ப்போம், ஆட்களின் சண்டையில் தலையிட மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். அடுத்த வருடமே ஒருவர் மற்றவர்களின் பாத்திரங்களை அருவருப்பாகத் துன்புறுத்திய விவகாரம் வெடித்தது, அப்புறம் மனுக்கொடுத்து ஓட்டுப்போடும் முறையைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நான் இந்தச் சம்பவத்தைப் புது நிர்வாகிகளிடம் சொல்லிவிட்டு ஒன்று கேட்பேன்: நாளைக்கு உன் நண்பனைப் பற்றியே புகார் வந்தால் என்ன செய்வாய்? உடனே பதில் சொல்கிறவரைவிட, கொஞ்ச நேரம் யோசித்து, வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். ஸ்னூப்பைப் பொறுத்தவரை, பயன்படுத்தினால் அது பதிவாகும், அந்தப் பதிவை மற்ற நிர்வாகிகள் எல்லாரும் பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.

போன மாதம் கிணற்றடிக்குத் திரும்பிப் போக வேண்டிய வேலை வந்தது. புரியாத கட்டளைகளை மட்டும் எந்த அறையில் தட்டினார்கள் என்ற விவரத்தோடு ஒரு கோப்பில் சேர்த்து வைக்கிறோம், யார் தட்டினார்கள் என்பது அதில் இருக்காது. பெயர் யோசித்த தம்பி எழுதிச் சேர்த்த வசதி அது. அதைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கிணற்றடியில் ஒன்பது முறை கயிற்றை இழு என்று தட்டியிருப்பது தெரிந்தது. ஒன்பது முறையும் "ஹ?" என்ற பழைய பதில்தான் போயிருக்கிறது. அக்காவுக்கு அனுப்பினேன்.

"ஒன்பது தடவையா? நான் வெறும் கயித்தைத்தானே எழுதினேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இழுத்தா மேல என்ன வரணும் தம்பி?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவரும் அந்தத் தம்பியும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கோடிங் வேண்டவே வேண்டாம் என்றவர், நேற்று அவனிடம் இஃப் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்.